பி.ஏ. முடித்த பிறகு பத்தாம் வகுப்பு: செட்டிநாட்டு மாலைப் படிப்பகம் ஒன்றின் கதை

வயது வந்தவர்களுக்காகச் செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றில் ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகத்தை உருவாக்க நினைத்து, அது முடியாமல், கடைசியில் வேறொன்றாக நிலைத்த ஒரு முயற்சியின் பதிவு இது. அங்கே பல ஆண்டுகள் அலுவலக மேசையைப் பார்த்துக்கொண்டவன் நான். சேர்க்கைப் படிவங்களை நிரப்பியதும் கட்டணங்களை எழுதி வைத்ததும் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் என் வேலை. அதனால் கீழே வரும் தவறுகளில் சில என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். இதே போன்ற இடத்தை நடத்துகிறவர்களுக்கும், முப்பது நாற்பது வயதில் மீண்டும் படிக்க வருகிறவர்களுக்கும் உதவும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பின்னணி

கல்விக்குக் கொடுத்த கைகள் செட்டிநாட்டில் நிறைய. கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுவினார். வள்ளல் அழகப்பர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் அது திறக்கப்பட்டது. அழகப்பர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1985இல், அவர் பெயரில் பல்கலைக்கழகம் வந்தது.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கவும் வழி இருந்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டன. அழகப்பா பல்கலைக்கழகத்தில் 1992இல் தொலைநிலைக் கல்வி வந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் பிறந்தது.

இத்தனைக்கும் பக்கத்திலேயே வாழ்ந்து, எதிலும் சேராத ஒரு கூட்டம் இருந்தது. புதுவயல் அரிசி ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள், ஆத்தங்குடியில் பூக்கல் என்னும் சிமென்ட் தரைக்கல் போடுகிறவர்கள், விசேஷ வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர்கள், பெரிய வீடுகளுக்குக் காவலாக இருந்த குடும்பங்கள், சிங்கப்பூர், மலேசியாவில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பியவர்கள். பல்கலைக்கழக வாசலைப் பேருந்தில் தினமும் கடந்து போனவர்கள்தான். பல்கலைக்கழகம் என்றால் அது பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு என்று விட்டுவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர்தான் இந்த முயற்சியைத் தூக்கிச் சுமந்தார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது தொண்டராக இருந்தவர் அவர். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்ட காலம் அது. "சைக்கிள் கத்துக்கிட்டவ அந்த ஊர் எல்லையில நிக்க மாட்டா. அவ அடுத்து எங்க போவான்னு நாம யோசிச்சு வைக்கல" என்று அடிக்கடி சொல்வார். அவர் மனசில் அது தீராத கடனாக இருந்தது.

இடம் கொடுத்தது ஓர் ஆச்சி. கணவர் இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். அவர் இருந்த வீட்டின் முகப்பையும் பட்டாலை என்னும் முன்கூடத்தையும் மாலை ஆறு மணி முதல் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். வாடகை வாங்கவில்லை. விளக்குக்கான மின்கட்டணத்தைக்கூட அவரே கட்டினார்.

வந்தவர்கள்

முதல் ஆண்டில் 23 பேர் சேர்ந்தார்கள். எல்லோரையும் இங்கே சொல்ல இயலாது. பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள நான்கு பேரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

முதலாமவர் அங்கன்வாடி உதவியாளர். எட்டாம் வகுப்பு படித்தவர். அறிவொளிக் காலத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர். படிப்பகத்துக்கும் சைக்கிளில்தான் வந்தார். அங்கன்வாடிப் பணியாளராக உயர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

இரண்டாமவர் பூக்கல் தொழிலாளி. பத்தாவது தேறி, பன்னிரண்டாவதில் கணக்கில் தோற்று, அத்தோடு நிறுத்தியவர். மூன்றாமவர் சமையல்காரர். கல்யாண வீடுகளில் 500 பேர் சாப்பாட்டுக்கு மனக்கணக்காகவே சாமான் பட்டியல் சொல்லக்கூடியவர். நான்காமவர் 58 வயதான இன்னோர் ஆச்சி. பள்ளி இறுதி முடித்த கையோடு கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். தமிழ் படிக்க வேண்டும் என்று வந்தார். வேலை, சம்பளம், பதவி எதுவும் அவர் கணக்கில் இல்லை.

இந்த நான்கு பேரும் நான்கு வெவ்வேறு தேவைகளோடு வந்திருந்தார்கள். அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியவில்லை. நால்வரையும் ஒரே நோட்டில், 'பட்டப்படிப்பு' என்ற ஒரே தலைப்பில் எழுதிக்கொண்டேன்.

முதல் முடிவு: நமக்கென ஒரு பல்கலைக்கழகம்

தொடங்கிய சில மாதங்களிலேயே, படிப்பகத்தை நடத்திய அறக்கட்டளையின் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "அண்ணாமலைச் செட்டியார் செய்யலையா? அழகப்பர் செய்யலையா? சின்ன அளவில நாம ஒண்ணு ஆரம்பிச்சா என்ன?" கேட்டவரின் ஆசையில் எந்தக் களங்கமும் இல்லை. சாதாரண மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, இவர்களுக்கு என்று ஒன்று வேண்டும் என்றார். நாங்களும் உற்சாகமாகத் தலையாட்டினோம்.

அப்போது ஓர் இடைத்தரகர் வந்தார். சத்தீஸ்கர் மாநிலத்தில் 2002இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, அதன்படி அங்கே தனியார் பல்கலைக்கழகம் தொடங்குவது எளிது, ஏற்கெனவே பல தொடங்கிவிட்டன, அவற்றில் ஒன்றின் கிளை மையமாக நீங்கள் இருக்கலாம், பிற்பாடு தனியாகவும் ஆகலாம் என்று விளக்கினார். பலகை வைக்கலாம், சான்றிதழில் 'பல்கலைக்கழகம்' என்றே இருக்கும் என்றார்.

தலைமையாசிரியர் தயங்கினார். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956இன் 22ஆம் பிரிவு, பட்டம் வழங்கும் அதிகாரம் யாருக்கு என்று வரையறுக்கிறது. மத்திய, மாநிலச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் சிறப்பாக அதிகாரம் அளித்த நிறுவனங்கள் இவை மட்டுமே பட்டம் கொடுக்கலாம். 23ஆம் பிரிவின்படி மற்றவர்கள் தங்கள் பெயரில் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லைச் சேர்க்கவும் கூடாது. அவர் இதை எடுத்துச் சொன்னார். தரகரோ, சத்தீஸ்கர் சட்டம் ஒரு மாநிலச் சட்டம்தானே, அது 22ஆம் பிரிவுக்குள் வந்துவிடுகிறதே என்றார். கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. ஒரு வகுப்பறைகூட இல்லாமல் ஒரு பல்கலைக்கழகம் எப்படி இயங்கும் என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆறு பேரை அந்த வழியில் சேர்த்தோம். கட்டணத்தில் ஒரு பங்கு எங்களிடம் நின்றது, மீதியைத் தரகர் மூலம் அனுப்பினோம்.

2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில், அந்தச் சத்தீஸ்கர் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. அதன்கீழ் அறிவிக்கப்பட்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஒரே நாளில் இல்லாமல் போயின. ஏற்கெனவே அங்கு நேரில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களை அந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழி சொல்லப்பட்டது. காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பட்டாலையில் உட்கார்ந்து படித்த ஆறு பேருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தரகரின் தொலைபேசி எண் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை.

எங்களிடம் நின்ற பங்கை உடனே திருப்பிக் கொடுத்தோம். அனுப்பிவிட்ட பணத்தை வீடு கொடுத்த ஆச்சி தன் கையிலிருந்து ஈடு செய்தார். "பிள்ளைக ஒரு வருஷம் போச்சேன்னு வருத்தப்படுதுக. அதைக் குடுக்க என்னால முடியாது. காசையாவது குடுத்துருவோம்" என்றார். ஆறு பேரில் நான்கு பேர் திரும்பி வரவே இல்லை. அவர்களில் இருவரைப் பிறகு காரைக்குடிச் சந்தையில் பார்த்திருக்கிறேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் கோபம் நியாயமானது.

இரண்டாம் முடிவு: நுழைவுத் தேர்வு வழி

அடுத்த சில வாரங்கள் படிப்பகம் மூடிய கடை போல இருந்தது. அப்புறம் தலைமையாசிரியர் ஒரு முடிவோடு வந்தார். நாம் எந்தப் பட்டமும் கொடுக்க வேண்டாம். அரசு நடத்தும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சேரட்டும். சேர்க்கைக்கு வழிகாட்டுவது, மாலையில் பாடம் சொல்வது, தேர்வுக்கு அழைத்துப் போவது மட்டும் நம் வேலை. இந்த முடிவு சரியானது என்று இன்றும் நினைக்கிறேன். அடுத்த தவறு இதற்குள் ஒளிந்திருந்தது.

பன்னிரண்டாவது முடிக்காதவர்களும் பட்டப்படிப்பில் சேர அன்று வழி இருந்தது. மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிகள், முந்தைய கல்விச் சான்று இல்லாதவர்கள் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறினால் முறைசாராக் கல்வியில் முதல் பட்டத்துக்குச் சேரலாம் என்றன. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் இதற்கென ஆறு மாத ஆயத்தப் படிப்பு வைத்திருந்தன. பள்ளியில் விட்டுப்போன நான்கு ஐந்து ஆண்டுகளை ஆறு மாதத்தில் தாண்டிவிடலாம்.

நாற்பதை நெருங்கும் ஒருவரிடம், எட்டாவதிலிருந்து பத்தாவது, பிறகு பன்னிரண்டாவது, பிறகு மூன்று ஆண்டு பட்டம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அதைச் சொன்னால் ஓடிவிடுவார்கள் என்றே பயந்தோம். அந்தப் பயத்தில்தான் குறுக்கு வழியைப் பரிந்துரைத்தோம். அது சட்டப்படியான வழி, அதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பட்டத்தை வைத்து அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று மட்டும் கேட்க மறந்தோம்.

அங்கன்வாடி உதவியாளர் ஆயத்தப் படிப்பில் தேறி, பி.ஏ. வரலாறு சேர்ந்தார். ஒரு தாள்கூட நிற்காமல் மூன்று ஆண்டில் முடித்தார். அவருடைய பட்டச் சான்றிதழ் வந்த அன்று படிப்பகத்தில் பாயசம் வைத்தோம். சமையல்காரர்தான் வைத்தார்.

2009

அந்த ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலிருந்து இன்னொரு தீர்ப்பு வந்தது. முதல் பட்டம் பெறாமலேயே திறந்தநிலை முறையில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவரின் பதவி பற்றிய வழக்கு அது. அப்படிப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது, மானியக் குழுவின் விதிகள் திறந்தநிலைக் கல்விக்கும் பொருந்தும் என்றது நீதிமன்றம். அதையொட்டித் தமிழக அரசு அந்த ஆகஸ்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. பத்தாவது, பன்னிரண்டாவது, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களின் திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்பது அதன் சாரம்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். வழக்கு முதுகலை பற்றியது. எங்கள் மாணவர்கள் படித்தது இளங்கலை. அவர்கள் பட்டத்தை யாரும் போலி என்று சொல்லவில்லை. ஆனால் வேலைக்கு அது உதவாது என்று ஆகிவிட்டது.

அங்கன்வாடி உதவியாளருக்கு அந்த ஆணைகூட வேண்டியிருக்கவில்லை. பணியாளராக உயரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்பதுதான் அன்று தகுதியாக இருந்தது. அவரிடம் பி.ஏ. இருந்தது, பத்தாவது இல்லை. விண்ணப்பத்தோடு பட்டச் சான்றிதழை இணைத்துக் கொடுத்திருக்கிறார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். அன்று மாலை சைக்கிளை முகப்பில் சாய்த்துவிட்டு நேராகத் தலைமையாசிரியரிடம் போனார்.

"சார், பி.ஏ. முடிச்சவளுக்குப் பத்தாவது தெரியாதா சார்?"

தலைமையாசிரியர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தப்பு எங்க மேல தாயி" என்றார். அதற்கு மேல் அன்று பாடம் நடக்கவில்லை.

கோப்புகளை மீண்டும் திறந்தது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் உட்கார்ந்து எல்லாக் கோப்புகளையும் பிரித்தோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வியை எழுதினோம்: எதற்காகப் படிக்கிறார்? தெரியாதவர்களை வீட்டுக்கே போய்க் கேட்டோம்.

தமிழ் படிக்க வந்த ஆச்சிக்குப் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையால் எந்தப் பாதிப்பும் இல்லை. ஆயத்தப் படிப்பு வழியாக அவர் பி.ஏ. தமிழில் சேர்ந்திருந்தார், கம்பனில் தோய்ந்து கிடந்தார். கம்பன் கழகம் 1939இல் காரைக்குடியில் தொடங்கியதிலிருந்தே இந்தப் பக்கத்தில் பட்டம் இல்லாமல் காவியம் படித்த பரம்பரை ஒன்று உண்டு. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. படிப்பின் இந்த முகத்துக்கு நுழைவுத் தேர்வு வழி அருமையான வாசல். அதை மூட வேண்டியதில்லை.

வேலை உயர்வுக்காகவோ அரசுத் தேர்வுக்காகவோ வந்திருந்த ஒன்பது பேருக்கு நாங்கள் காட்டிய வாசல் தவறு. அவர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் பேசினோம். பள்ளித் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வேண்டும், எவ்வளவு காலம் ஆகும், நடுவில் எது எது தடுக்கலாம் என்பதை மறைக்காமல் சொன்னோம். ஓடிவிடுவார்கள் என்று முன்பு பயந்தோமே, அப்படி நடக்கவில்லை. ஒன்பதில் ஏழு பேர் ஒத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் தாங்க மாட்டார்கள் என்று நாங்கள் அவர்களைக் குறைவாக எடை போட்டிருந்தோம்.

காகிதமும் கணக்கும்

பாடத்தை விடக் காகிதம் கடினமாக இருந்தது. தனித்தேர்வர் விண்ணப்பத்துக்கு முந்தைய வகுப்பின் மாற்றுச் சான்றிதழோ பதிவுத்தாளோ வேண்டும். அங்கன்வாடி உதவியாளரின் டி.சி.யில் வீட்டில் கூப்பிடும் பெயர் இருந்தது. குடும்ப அட்டையில் முழுப்பெயர். பிறந்த தேதியும் பொருந்தவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது தாத்தா குத்துமதிப்பாகச் சொன்ன தேதி அது. பெயரை அரசிதழில் மாற்றிப் பதிவு செய்து, நகல்கள் எடுத்து, அலுவலகங்களுக்கு நடந்து முடிக்கும்போது ஒரு தேர்வுப் பருவம் கடந்துவிட்டது. பகலில் நடக்கும் இந்த வேலைக்கு அவர் விடுப்பு எடுக்க வேண்டும். அதனால் அலைச்சலில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு ஆண்டுகளில் நான் செய்த உருப்படியான வேலை இதுதான்.

கணக்குதான் எல்லோருக்கும் பயம். இதில் எதிர்பாராத ஒருவர் கை கொடுத்தார். பரப்பளவு பாடம் நடந்துகொண்டிருந்தது. 40 அடி நீளம், 16 அடி அகலமுள்ள கூடத்துக்கு 8 அங்குலச் சதுரக் கல் எத்தனை வேண்டும் என்பது கேள்வி. தலைமையாசிரியர் கரும்பலகையில் அடியை அங்குலமாக மாற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பூக்கல் தொழிலாளி, "ஆயிரத்து நானூத்து நாப்பது" என்றார். எப்படி என்று கேட்டபோது, மூன்று கல் வைத்தால் இரண்டு அடி, அப்போ நீளத்துக்கு 60, அகலத்துக்கு 24, அவ்வளவுதான் என்றார். பன்னிரண்டாவதில் கணக்கில் தோற்ற மனிதர் அவர்.

தலைமையாசிரியர் சுண்ணாம்புக் கட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் கணக்கு வகுப்பு அவருடையது. அவர் பட்டாலைத் தரையிலேயே கற்களை எண்ணிக் காட்டுவார். கண்ணாடித் தட்டில் வண்ணச் சிமென்ட் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் தூவி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் அவர் தொழிலிலேயே கலவை விகிதம், கன அளவு, நேரம் எல்லாம் இருந்தன. விகிதத்துக்குச் சமையல்காரர் வந்தார். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, 12 படி அரிசிக்கு எவ்வளவு என்று கேட்டால் எல்லாப் பெண்களும் ஒரே குரலில் 'மூணு' என்றார்கள். அதையே பலகையில் எழுதி, இதற்குப் பெயர்தான் நேர்விகிதம் என்றால் சிரிப்பு. பயம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

கடைசிப் பேருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வழியாகப் போகும் கடைசி நகரப் பேருந்தின் நேரத்துக்கு ஏற்ப வகுப்பை இருபது நிமிடம் முன்னால் முடிக்கத் தொடங்கியபோது வருகை உடனே கூடியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பலர் நின்றுபோனதற்குப் படிப்பில் ஆர்வமின்மை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

விளைவு

அங்கன்வாடி உதவியாளர் பத்தாம் வகுப்பில் நான்கு பாடங்களை முதல் முறையே தேறினார். கணக்கு மூன்றாம் முறை. பிறகு பன்னிரண்டாவதையும் எழுதினார், அன்று அது பதவிக்குத் தேவைப்படவில்லை என்றாலும் விடவில்லை. காலியிடம் வந்தபோது பணியாளர் ஆனார். நாங்கள் முதலிலேயே பத்தாவதுக்கு அனுப்பியிருந்தால் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் முன்பே அந்தச் சம்பளத்தை வாங்கியிருப்பார். அவர் எங்களைக் குறை சொன்னதில்லை. அந்த ஆறு ஆண்டுக் கணக்கை நான்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

பூக்கல் தொழிலாளி நின்றுபோன கணக்கைத் தேறி, பி.காம். சேர்ந்தார். அவருக்கு வரிசை சரியாக அமைந்தது. இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டத்துக்கும் பட்டறைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், ஜி.எஸ்.டி. கணக்கை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை என்பார்.

சமையல்காரர் முடிக்கவில்லை. வைகாசி, ஆனி முகூர்த்தங்களும் ஜூன் தேர்வும் ஒவ்வோர் ஆண்டும் மோதின. ஒரு கல்யாணத்தை விட்டால் அடுத்த ஆறு மாத வருமானம் ஆடிப்போகும். டிசம்பர் தேர்வை மட்டும் எழுதலாம் என்று திட்டமிட்டோம். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் அது நடக்கக்கூடியதாகவும் இருந்தது. இரண்டு ஆண்டு எழுதினார். பிறகு மகள் கல்யாணம், கடன், விட்டுவிட்டார். இந்த இழப்புக்கு எங்களிடம் மருந்து இல்லை.

தமிழ் படித்த ஆச்சி எம்.ஏ.வும் முடித்தார். வேலைக்கு வந்தவர்கள் மிரளும் நாட்களில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து யாப்பு சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

பல்கலைக்கழகம் என்ற எண்ணம் முழுதாகப் போய்விடவில்லை. இடையில் ஒருமுறை, முறையான கல்லூரி அளவிலாவது தொடங்கலாமா என்று பார்த்தோம். வீடு ஆச்சியுடையது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆவணப்படி அது பதினேழு புள்ளிகளுக்கு, அதாவது பதினேழு குடும்பங்களுக்கு, பொதுவானது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். நீண்டகாலக் குத்தகைக்கு எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் வேண்டும், அவர்கள் நான்கு நாடுகளில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 2019இல் தனியார் பல்கலைக்கழகங்களுக்கான பொதுச் சட்டம் வந்தபோது அதில் கேட்டிருந்த நிலம் 100 ஏக்கர். எங்களுக்கு இருந்தது ஒரு வீட்டின் முன்கட்டு. அன்றோடு அந்தப் பேச்சை நிறுத்தினோம். வெளியே இப்போது 'மாலைப் படிப்பகம்' என்ற பலகை மட்டும் இருக்கிறது.

தலைமையாசிரியர் இப்போது இல்லை. ஆச்சியும் இல்லை. அவர் பிள்ளைகள் முகப்பை எங்களுக்கு விட்டே வைத்திருக்கிறார்கள்.

இன்று தொடங்கினால் எதை மாற்றுவேன்

சேர்க்கை அன்றே 'எதற்காக' என்று கேட்பேன், பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுவேன். பதிலில் அரசு வேலையோ பதவி உயர்வோ இருந்தால், அந்தப் பதவிக்கான அறிவிக்கையை எடுத்துவைத்து, அதில் என்ன தகுதி கேட்கிறார்கள் என்பதை இருவரும் சேர்ந்து வாசிப்போம். பட்டம் பெரிது, பத்தாவது சிறிது என்ற எண்ணம் எங்களுக்கே இருந்தது. தகுதிப் பட்டியல் அப்படிப் பார்ப்பதில்லை.

எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வந்தாலும், அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது, தொலைநிலையில் நடத்த அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டுக்கான அனுமதி இருக்கிறதா என்பதை மானியக் குழுவின் வெளியீட்டில் பார்க்காமல் ஒரு ரூபாய் வாங்க மாட்டேன். மாணவர் கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் அவரே நேரடியாகக் கட்ட வேண்டும். நடுவில் நாங்களும் இருக்கக் கூடாது. கிளை உரிமை கொடுத்து மையம் நடத்துவதை மானியக் குழு பிற்பாடு தெளிவாகவே தடுத்துவிட்டது. எங்களுக்கு முன்பே அந்தப் புத்தி இருந்திருக்க வேண்டும்.

சான்றிதழ் திருத்தத்தைப் பாடம் தொடங்குவதற்கு முன்பே தொடங்குவேன். அதற்கென ஓர் ஆள் பகலில் இருக்க வேண்டும். கணக்கு ஆசிரியர் எவ்வளவு முக்கியமோ அவரும் அவ்வளவு முக்கியம்.

அப்புறம், சத்தீஸ்கர் வழியில் ஓராண்டை இழந்த நான்கு பேரையும் அன்றே வீடு தேடிப் போய்ப் பார்த்திருப்பேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

இப்போது சேர்க்கை நோட்டின் முதல் பத்தி 'எதற்காக' என்பதுதான். அதில் சென்ற வாரம் எழுதிய கடைசிப் பதிவு: புதுவயல் அரிசி ஆலை, வயது 34, ஏழாவது வரை படித்தவர். காரணம்: 'மகன் பத்தாவது வந்துட்டான், கூட உக்காந்து படிக்கணும்.' டி.சி. இல்லை, படித்த பள்ளியை மூடிவிட்டார்கள். எந்தப் பள்ளியில் பழைய பதிவேடு இருக்கிறது என்று திங்கட்கிழமை விசாரிக்க வேண்டும்.